மாவா, கேமராவா: எந்த வாய்க்கு எந்த அளவு?

போன ஆவணியில், வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற ஓர் அக்கா கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போட வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், ரூட் கெனால் முடிந்தது. பல்லைச் செதுக்கி, ரப்பர் போல உறையும் சிலிக்கானில் அச்சுப் பதித்து அளவு எடுத்து, கம்பத்திலிருந்து மதுரை லேபுக்குப் பஸ்ஸில் பார்சல் போட்டேன். பத்து நாளில் கேப் வந்தது. பார்வைக்குச் சரியாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. கூர்க்கம்பியை விளிம்போரமாக ஓட்டியபோது நாக்குப் பக்கம் ஓரிடத்தில் தட்டியது. அந்த இடைவெளியோடு ஒட்டி அனுப்பினால் நாளடைவில் உள்ளே சொத்தை இறங்கும். லேபிலிருந்து திரும்பி வந்திருந்த அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியாக அதே இடத்தில், கடுகில் பாதி கூட இல்லாத ஒரு காற்றுக் குமிழி. அனுப்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மறுபடி அளவு எடுக்க வேண்டும் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இன்னும் ரெண்டு நாள் கூலி போகுமா டாக்டரம்மா?"

அடுத்த சில மாதங்களில் வாய்க்குள் விட்டுக் கேமராவால் அளவு எடுக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். சிலிக்கானையும் தூக்கிப் போடவில்லை. இரண்டும் ஒரே அறையில் இருப்பதால், வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: கேமரா அளவுதானே துல்லியம்? குமுளியிலிருந்து வரும் மலையாளிகளும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இது 'அளவு'தான், சொல் கூட மாறவில்லை. என் பதிலும் எப்போதும் ஒரு கேள்விதான்: எத்தனை பல்லுக்கு?

துல்லியம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஏலக்காய் விற்கப் போடிக்கோ புற்றடிக்கோ போய் வருகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு தராசு ஒவ்வொரு முறையும் 20 கிராம் கூடக் காட்டுகிறது. பத்து முறை வைத்தாலும் அதே 20 கிராம்தான் கூட. இன்னொன்று ஒரு முறை கூட, ஒரு முறை குறைய என்று அலைகிறது. ஆனால் சராசரி பார்த்தால் சரியாக வருகிறது. முதல் தராசு ஒரே சீராகப் பொய் சொல்கிறது. இரண்டாவது உண்மையைச் சுற்றித் தடுமாறுகிறது. அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 5725 தரம் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கச் சொல்கிறது: உண்மை அளவுக்கு எவ்வளவு பக்கம், திரும்பத் திரும்ப எடுத்தால் எவ்வளவு ஒன்றுபோல. இரண்டும் சேர்ந்தால்தான் துல்லியம். ஸ்கேனர் விற்க வருகிறவர் 'பத்து மைக்ரான் சார்' என்று (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொன்னால், இதில் எது, எத்தனை பல் நீளத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே சாப்ட்வேர் பக்கம் திரும்பிவிடும்.

எவ்வளவு பிசகு வரை பரவாயில்லை என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய கோடு இருக்கிறது. 1971-ல் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களில் பொருத்தியவற்றை ஐந்தாண்டுகள் கவனித்து, விளிம்பு இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முடி கூட நுழையாத இடைவெளி. அரை நூற்றாண்டு ஆகியும் இன்றுவரை எல்லோரும் இதைத்தான் அளவுகோலாகக் காட்டுகிறார்கள். நல்ல டாக்டர்கள் இதில் பாதிக்குள் கொண்டுவரப் பார்ப்பார்கள்.

இனி ஒப்பீடு. கேமராவை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதிக் குழப்பம். 'பழைய முறை' என்று ஒன்று கிடையாது. நோயாளிகள் பொதுவாக 'மாவு' என்று சொல்வது ஆல்ஜினேட்டை. தண்ணீரில் குழைத்துக் கரண்டி மாதிரி ஒரு ட்ரேயில் வைத்து வாயில் அமுக்குவோம். இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் போலாகிவிடும். பழுப்புக் கடல்பாசியிலிருந்து வருவது. நம் மண்டபம், ராமேஸ்வரம் கரையில் எடுக்கும் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட் தயாரிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்று போனதால்தான் பல் மருத்துவம் இந்தப் பாசிக்கு மாறியது. மலிவு, சுத்தம், நோயாளிக்கும் தொல்லை குறைவு. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் வைத்தால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் ஊதும். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், கல் போல இறுகும் கல்மாவை அதில் ஊற்றி மாடல் ஆக்கிவிட வேண்டும். ஈரத்துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அதையே பஸ் டிரைவர் பக்கத்தில், என்ஜின் சூட்டில் வைத்துக் கம்பத்திலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அனுப்பினால், போய்ச் சேருவது வேறு ஒரு வாயின் அளவு. பல் செட்டுக்கு முதல் அளவு, கிளிப் போடும் முன் பார்க்கும் மாடல், இதற்கெல்லாம் ஆல்ஜினேட் தாராளம். கேப்புக்கு ஆல்ஜினேட்டில் அளவு எடுக்கிறார்கள் என்றால் அந்த நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்துவிடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சிலிக்கான் என்ற பெயரிலும் இரண்டு இருக்கின்றன. பசையும் கெட்டியுமாகக் கையால் பிசைகிற மலிவான ரகம் உறையும்போது ஆல்கஹாலை வெளியே விட்டுச் சுருங்கும். அரை மணிக்குள் மாடல் ஊற்றாவிட்டால் பயனில்லை. விலை கூடிய ரகம், 'அடிஷன் சிலிக்கான்' என்பது, அப்படி எதையும் வெளியே விட்டுச் சுருங்குவதில்லை. ஒரு வாரம் கழித்து ஊற்றினாலும் அதே அளவு, இரண்டாம் முறை ஊற்றினாலும் அதே அளவு. லேடக்ஸ் கையுறை போட்ட கையால் பிசைந்தால் மட்டும் அதிலுள்ள கந்தகம் பட்டு உறையாமல் சண்டித்தனம் செய்யும். இதோடு 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ள பாலிஈதர் என்ற இன்னொன்றும் உண்டு. ஈரத்தில் நன்றாகப் படியும். ஆனால் விறைப்பு அதிகம், ஆடும் பல் உள்ள வாயிலிருந்து கழற்றும்போது எனக்கே நெஞ்சு திக்கென்னும். கேமராவோடு நியாயமாகப் போட்டிக்கு நிற்கக் கூடியவை இந்த அடிஷன் சிலிக்கானும் பாலிஈதரும் மட்டும்தான்.

கேமரா புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் டுரே 1970-களிலேயே ஒளியால் அளவெடுப்பதைப் பற்றி எழுதினார். 1985-ல் சூரிச்சில் மோர்மன் தன் கருவியால் அளந்து, அங்கேயே அரைத்து, நோயாளிக்குப் பொருத்தியும் விட்டார். அந்தக் காலத்தில் பல்லின் மேல் வெள்ளைப் பவுடர் தூவ வேண்டியிருந்தது. இப்போதைய கருவிகளுக்குத் தேவையில்லை.

அது எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் எங்கே ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும். ஸ்கேனரின் முனை ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பல் அகலத்தைத்தான் பார்க்கும். நொடிக்குப் பல படங்களாக எடுத்து, ஒரு படத்தின் ஓரத்தை அடுத்த படத்தின் ஓரத்தோடு பொருத்தித் தைத்துக்கொண்டே போகும். அரை முழக் குச்சியால் வயலை அளப்பது போலத்தான் இது. குச்சியை ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் ஒரு மயிரிழை நகரும். நாலு முழத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வரப்பு முழுக்கப் போய்ச் சேரும்போது எல்லாப் பிசகும் கூடி நிற்கும். வாயிலும் வலது கடைசிப் பல்லில் ஆரம்பித்து முன்பற்களைச் சுற்றி இடது கடைசிக்கு வரும்போது அந்தக் கூட்டுப் பிசகு தெரியும். அதிலும் கீழ் முன்பற்கள் மெலிந்து, வழுவழுவென்று, ஒன்றுபோலவே இருப்பதால் கருவி அங்கேதான் வழி தவறும். சிலிக்கானுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே அமுக்கில் முழுத் தாடையும் பதிகிறது.

ஆகவே ஒரு கேப், மூன்று பல் பிரிட்ஜ், வாயின் ஒரு கால்பகுதிக்குள் அடங்கும் வேலை என்றால், நல்ல ஸ்கேனரும் நல்ல சிலிக்கானும் சமம். பல ஒப்பீடுகளில் ஸ்கேனர் ஒரு படி மேலே கூட நிற்கிறது. இரண்டுமே 120 மைக்ரான் கோட்டுக்குள் சுலபமாக வந்துவிடும். முழுத் தாடை என்றால் ஆய்வுக்கூட ஒப்பீடுகளில் நல்ல சிலிக்கான்தான் பெரும்பாலும் முந்துகிறது. புதிய கருவிகள் வருடா வருடம் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வருகின்றன என்பதும் உண்மை. பல்லை நேராக்கும் கண்ணாடி போன்ற அலைனர்களுக்கு முழுத் தாடையை ஸ்கேன் செய்தாலே போதும். அங்கே பல் நகர்கிற பொருள், பிளாஸ்டிக்கும் வளையும், அவ்வளவு நுணுக்கம் வேண்டாம்.

அதே முழுத் தாடையில் ஆறு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்து அவற்றின் மேல் ஒரே சட்டத்தைத் திருகப் போகிறோம் என்றால் கதை வேறு. இயற்கைப் பல் எலும்போடு நேராக ஒட்டியில்லை. நடுவில் ஒரு மெல்லிய நார் மெத்தை இருக்கிறது. கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை பல் அமுங்கி நிமிரும். சட்டத்தில் சிறு பிசகு இருந்தால் பல் கொஞ்சம் அனுசரித்துப் போகும். இம்ப்ளான்ட் எலும்பில் அறைந்த ஆணி மாதிரி. 3 முதல் 5 மைக்ரான் அசைந்தால் அதிகம். அனுசரித்துப் போக அதற்குத் தெரியாது. பொருந்தாத சட்டத்தைத் திருகி இறுக்கினால் அந்த இழுப்பு முழுவதும் திருகுக்கும் எலும்புக்கும்தான் போகும். திருகு தளரும், உடையும். இந்த வேலைக்கு நான் இன்றும் பழைய வழிதான்: ஒவ்வொரு இம்ப்ளான்டிலும் அளவுக் கம்பம் மாட்டி, அவற்றை ரெசினால் ஒன்றோடொன்று கட்டி, மேலே திறந்த ட்ரேயில் பாலிஈதரோ சிலிக்கானோ. ஒரு மணி நேரம் பிடிக்கும், முதுகு வலிக்கும். இதற்கென்றே இம்ப்ளான்ட்களின் இடத்தை வாய்க்கு வெளியே இருந்து ஒரே பார்வையில் பிடிக்கும் தனிக் கேமராக்கள் பெரிய ஊர்களில் வந்துவிட்டன. எங்கள் பக்கம் அந்த முதலீடு கட்டுப்படியாகாது. ஒன்றிரண்டு இம்ப்ளான்ட் பக்கத்து பக்கத்தில் இருந்தால் சாதாரண ஸ்கேனரே போதும்.

பல்லே இல்லாத வாய் இன்னொரு எல்லை. அங்கே கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் எதுவும் இல்லை. ஈறும் கன்னமும் வழுக்கலாக, ஒரே நிறத்தில், தொட்டால் நகருகிற சதையாக இருக்கின்றன. பல் செட் கீழே விழாமல் நிற்பது அதன் ஓரம் கன்னச் சதையோடும் நாக்கோடும் எந்த ஆழம் வரை ஒத்துப் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஓரத்தைப் பச்சை மெழுகுக் குச்சியை உருக்கி வைத்து, 'உதட்டைக் குவிங்க, நாக்கை நீட்டுங்க, முழுங்குங்க' என்று சொல்லிச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கேமரா அசையாத சதையைத்தான் பார்க்கும். அசையும்போது அந்தச் சதை எங்கே வந்து நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவுக்குக் கேமராவிலேயே முயன்று பார்த்தேன், புதுக் கருவி மோகத்தில். திரையில் படம் அழகாக வந்தது. செட் பேசும்போதெல்லாம் எழும்பியது. அப்புறம் பழைய முறையில் இன்னொன்று செய்து கொடுத்தேன், என் செலவில்.

இரு முறைக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: ஈறுக்குக் கீழே போகிற விளிம்பு. சொத்தை ஆழமாக இருந்தால் கேப்பின் விளிம்பும் ஈறுக்குள் போய்விடும். அங்கே ரத்தமும் எச்சிலும். ஒளி ரத்தத்தை ஊடுருவாது. கேமராவுக்கு எது தெரியவில்லையோ அது அதன் உலகத்தில் இல்லவே இல்லை. சிலிக்கான் ஓரளவு ஈறை ஒதுக்கித் தள்ளி உள்ளே நுழையும், ஆனால் ஈரத்தில் அதுவும் வழுக்கிக் குமிழி விடும். எப்படிப் பார்த்தாலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே நூல் வைத்து, ரத்தத்தை நிறுத்தி, காய வைத்த பிறகே அளவு. அந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாதவர் கையில் இருபது லட்சம் ரூபாய்க் கருவியும் ஒன்றுதான், இருநூறு ரூபாய் மாவும் ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரிது. சிலிக்கானில் குமிழி விட்டது எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். பத்து நாள் கழித்து, கேப் பொருந்தாதபோது முழுசாகத் தெரியும். ஸ்கேனரில் பல் அந்த நிமிடமே திரையில் இருபது மடங்கு பெரிதாக நிற்கிறது. விளிம்பு ஓரிடத்தில் கலங்கலாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி எடுக்கலாம். நோயாளி இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார், மரப்பும் இறங்கவில்லை. காய் எடுக்கிற அந்த அக்காவுக்கு நான் கேமராவில் எடுத்திருந்தால் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். மைக்ரான் கணக்கில் இரண்டும் சமம் என்று சொன்னேன் அல்லவா, நடைமுறையில் தராசு இங்கேதான் சாய்கிறது. விடியற்காலை ஜீப் பிடித்து மலை ஏறி, இருட்டி வீடு திரும்பும் ஒருவருக்கு, முதல் முறையே சரியாக வருவதுதான் துல்லியம்.

பாதையும் ஒரு காரணம். குமுளியில் கிளினிக் வைத்திருக்கும் என் தோழி முன்பெல்லாம் அச்சுகளை லோயர் கேம்ப் வழியாகக் கீழே இறக்கி அனுப்புவார். ஐப்பசி மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் பார்சல் பஸ் ஸ்டாண்டிலேயே கிடக்கும். இப்போது ஸ்கேன் கோப்பை எர்ணாகுளம் லேபுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கே திறந்து பார்க்கும்போதே போனில் பேசுகிறார். 'விளிம்பு இந்தப் பக்கம் தெளிவில்லை' என்று அவர்கள் சொன்னால் நோயாளி படி இறங்கும் முன் திரும்பக் கூப்பிடலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: நான் சிலிக்கானில் எடுத்து அனுப்பினாலும், லேபில் மாடல் ஊற்றியதும் அதை மேசை ஸ்கேனரில் வைத்துக் கணினிக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். ஜிர்கோனியா என்ற வெண்பீங்கான் கேப் கணினியில்தான் வரைந்து, மெஷினில்தான் அரைக்கப்படுகிறது. எங்கே கணினிக்குள் நுழைவது, வாயிலா மேசையிலா என்பது மட்டும்தான் வித்தியாசம். வாயில் நுழைந்தால் அச்சு, கிருமிநாசினியில் முக்குவது, கல்மாவு உறையும்போது லேசாக விரிவது ஆகிய படிகள் போய்விடும். பதிலுக்குப் படம் தைக்கும் பிசகும், கூர்மையான விளிம்பை மென்பொருள் லேசாக மழுக்குவதும், மாடல் தேவைப்பட்டு ரெசினில் அச்சடித்தால் அந்த ரெசின் சுருங்குவதும் வந்து சேரும்.

குமட்டல் வருகிறவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், கேமராதான். பாக்கு, பான் மசாலா மென்று மென்று வாய் இறுகிப் போனவர்கள் தோட்டப் பக்கம் நிறைய. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரலே நுழையாத நிலையில் ட்ரே போகாது. ஸ்கேனர் முனை முன்பல் வரை போகும். கடைசிக் கடைவாய்க்கு அதுவும் மல்லுக்கட்டும். அங்கே பாதி ட்ரேயில் சிலிக்கான் வைத்துப் பார்ப்பேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நல்ல சிலிக்கானில் ஒரு முறை எடுக்கச் சில நூறு ரூபாய்ச் செலவு. ஸ்கேனர் சில லட்சத்தில் தொடங்கி இருபது லட்சத்தைத் தாண்டும். சிலவற்றுக்கு வருடா வருடம் மென்பொருளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மாதத்துக்கு நாலு கேப் போடுகிற கிளினிக்குக்கு அது வட்டிக்குத்தான் போகும். அங்கே நல்ல அடிஷன் சிலிக்கானும் கண்ணில் மாட்டும் பெரிதாக்கிக் கண்ணாடியும் வாங்குவது எவ்வளவோ மேல். என் குமிழியை அந்தக் கண்ணாடி அன்றே காட்டியிருக்கும். நோயாளியிடம் 'டிஜிட்டல்' என்று தனிக் கட்டணம் கேட்டால், ஒரு கேப்புக்கு நியாயம். முழுப் பல் செட்டுக்குக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தத் தாத்தா போன வாரம் பேத்தியோடு வந்தார். பேத்திக்குக் கடைவாயில் ஒரு கேப். கேமராவை எடுத்ததும் அவர் எட்டிப் பார்த்தார். "இது சரியா வராதுன்னு அன்னைக்கு நீங்களே சொன்னீங்களே தாயி?" அவருடைய வாய்க்கு வராது, இவள் வாய்க்கு வரும் என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினேன். விளிம்பில் ஓரிடம் கலங்கலாக இருந்தது. அதை மட்டும் அழித்து மறுபடி எடுத்தேன்.